சகலையின் பட்டறையும் என் வயிற்றெரிச்சலும்

என் சகலையின் பட்டறையில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தொடலாம். லேத்தில் நின்று இரும்பு சீவலாம், துளை போடும் மிஷினில் ஓட்டை போட்டுப் பார்க்கலாம், பாய்லர் அடுப்பில் விறகு தள்ளலாம். நீராவி வால்வில் மட்டும் கை வைக்கக் கூடாது. அதைத் திறப்பதும் அவர்தான், மூடுவதும் அவர்தான். பட்டறை ஓடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வால்வின் பித்தளைச் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் நான். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இருக்காது. அதைத் திருப்பினால் ஒரு கொட்டகை முழுக்க உயிர் வரும். ஒரே ஒரு தடவை என் கையால் அதைத் திறந்துவிட்டால் போதும் என்று இருந்தேன்.

பொறாமை கெட்ட குணம் என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு இப்படி ஒரு சகலை வாய்த்திருக்க மாட்டார்.

நியாயத்தைக் கேளுங்கள். இந்தப் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்கு. அந்தக் காலத்துப் பட்டறைகளில் மிஷினுக்கு மிஷின் மோட்டார் கிடையாது. மூலையில் ஒரே ஒரு நீராவி இன்ஜின். அது கூரைக்கடியில் நீளமாகத் தொங்கும் இரும்புத் தண்டைச் சுற்றும். தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி வந்து ஒவ்வொரு மிஷினையும் ஓட்டும். ஒருவர் சம்பாத்தியத்தில் எல்லோரும் சாப்பிடுகிற கூட்டுக் குடும்பம் மாதிரி. மற்றவர்கள் இன்ஜினைப் பார்த்து வாய் பிளப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது சத்தம். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தோல் வாரால் தைத்திருப்பார்கள். அந்தத் தையல், பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தின் மேல் ஏறும்போதெல்லாம் ‘டிக்’ என்று கேட்கும். நீள பெல்ட் நிதானமாகச் சொல்லும், குட்டை பெல்ட் அவசரமாகச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு எது எந்த பெல்ட் என்று நான் சொல்லிவிடுவேன். எங்காவது இப்படி ஒரு பட்டறை பாக்கி இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

இத்தனை ஆசை வைத்தவனுக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடு, கீழே தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, அலமாரியில் ஒரு பழைய எண்ணெய்க் குப்பி. அந்தக் குப்பியையும் என் மனைவி தன் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

சகலை, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர், அப்படி ஒன்றும் பெரிய ஆள் இல்லை. தகர டப்பா செய்யும் கம்பெனியில் மீசை முளைக்கிற வயதில் சேர்ந்து, பிரஸ் மிஷின் முன்னால் நின்றே தலை நரைத்தவர். தட்டையான தகரம் உள்ளே போகும், டமார் என்று ஓர் அடி விழும், டப்பா மூடி வெளியே வரும். அப்படி வரிசை வரிசையாக மிஷின்கள். உள்ளே யாரும் யாரோடும் வாய்விட்டுப் பேச முடியாது. கை ஜாடை, உதட்டசைவு, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாப்பிள்ளை, பையன் நல்ல பையனாத்தான் தெரியறான். ஆனா காபி நல்லா இருக்குன்னு சொல்றதைக்கூட சண்டைக்கு வர்ற மாதிரி சொல்றானே?” என்றார். நான்தான் கம்பெனி பழக்கம் என்று சமாதானம் சொல்லிக் கல்யாணத்தை முடித்துவைத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட முதல் சந்தர்ப்பம் அது.

இரண்டாவது சந்தர்ப்பம் கயிற்று ஆலை. ஊருக்கு வெளியே அப்படி ஓர் ஆலை மூடிக் கிடக்கிறது, உள்ளே இன்ஜினும் தண்டும் அப்படியே இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். துணைக்கு மனைவியைக் கூப்பிட்டேன்.

“செத்துப்போன மிஷினைப் பாக்க நான் எதுக்கு? கையோட ஒரு மாலையும் வாங்கிட்டுப் போங்க,” என்றாள்.

சகலைக்கு அன்று லீவு. அவரை இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறியதும் தூங்க ஆரம்பித்தவர் இறங்கும்போதுதான் விழித்தார். ஆலைக்குள் நான் ஓடி ஓடிப் போட்டோ எடுத்தேன். காவலுக்கு இருந்தவர் எங்களுக்காகப் பெரிய சக்கரத்தைக் கையால் பிடித்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். கூரையில் தண்டு முனகிக்கொண்டு அசைந்தது. சகலை ஒரு மரத்தூணில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தூக்கம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அவர் தூங்கவில்லை.

பிறகு அந்த ஆலையைப் பிரித்து விற்றார்கள். நான் போட்டோ எடுத்தேன், அவர் இன்ஜினையே எடுத்துக்கொண்டார்.

அவருடைய அப்பா மரக்கடை வைத்திருந்தவர். அந்தக் கொட்டகை வீட்டுக்குப் பின்னாலேயே சும்மா கிடந்தது. உயர்ந்த கூரை, கட்டிப் பிடித்தால் கை எட்டாத மரத்தூண்கள், லாரி உள்ளே வந்து திரும்புகிற இடம். எங்கள் இரண்டு பேருக்கும் மாமனார் ஒருவர்தான். அப்பாக்கள்தான் வேறு வேறு, என்ன செய்ய? கம்பெனி வேலையை விட்டதும் அவர் கொட்டகைக்குள் புகுந்தார். இன்ஜினை உட்கார வைத்தார். தண்டைத் தூக்கிக் கட்டினார். பழைய லேத் ஒன்று, துளை போடும் மிஷின் ஒன்று, இரும்பை இழைக்கும் மிஷின் ஒன்று என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. பெல்ட் தைக்கவும் அவரே கற்றுக்கொண்டார். செருப்புத் தைக்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பழகினார் என்று கொழுந்தியாள் சொன்னாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. எது எங்கே இருக்க வேண்டும், எந்த பெல்ட் எவ்வளவு நீளம் என்று சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அவர் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார். பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவார். எதிரே நின்று பேசினால் மட்டும் உற்றுப் பார்ப்பார், அதுவும் கண்ணைப் பார்க்காமல் மோவாயைப் பார்ப்பார். போன் செய்தால் எடுக்க மாட்டார், கொழுந்தியாள்தான் எடுப்பாள். சொந்தமாக இன்ஜின் வந்ததும் கொம்பு முளைத்துவிட்டது என்று நான் என் மனைவியிடம் சொன்னேன்.

“அவரு பாட்டுக்கு இருக்காரு, விடுங்களேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பேச்சை மாற்றினாள்.

பட்டறை ஓட ஆரம்பித்ததும் ஆட்கள் வந்தார்கள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவர், இன்னும் ஒன்றிரண்டு பேர், எல்லோரும் என்னைப் போலப் பைத்தியங்கள்தான். வந்தவர்கள் எல்லோரும் “குடுத்து வச்ச மனுஷன்” என்று அவரைப் பார்த்துச் சொன்னார்கள். அவர் ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொள்வார். நன்றி என்று ஒரு வார்த்தை வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடம் “எழுத்து தெரியுதா” என்று கேட்பதற்கு முன்னால் சகலையின் திமிரைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பியிருக்கிறேன். ஒருவர் பழைய கண்ணாடியே போதும் என்று எழுந்து போனார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வால்வு. இடது கையை மரத்தூணில் வைத்துக்கொள்வார். வலது கையால் சக்கரத்தைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். டாக்டர் நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். இன்ஜின் பெருமூச்சு விடும், பெரிய சக்கரம் அசையும், பெல்ட்டுகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கும். மனுஷன் அந்தச் சத்தத்துக்கு முகத்தில் ஒரு சின்ன அசைவுகூடக் காட்ட மாட்டார். இத்தனை சங்கீதத்தையும் வைத்துக்கொண்டு ரசிக்கத் தெரியாத ஜென்மம் என்று எனக்கு ஆத்திரமாக வரும். தகுதி இல்லாதவனிடம் போய்ச் சேர்ந்த பொருளைப் பார்க்கிற வேதனை இருக்கிறதே, அது தனி வேதனை.

ஒரு நாள் மானத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். “சகலை, இன்னிக்கு நான் திறக்கட்டுமா?”

அவர் என் மோவாயைப் பார்த்தார். பிறகு கொழுந்தியாளைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள். “அதை மட்டும் கேக்காதீங்க மாமா. அவரு யாருக்கும் குடுக்க மாட்டாரு.”

அன்று நான் அவர்கள் வீட்டில் சாப்பிடவில்லை. பசியோடு வந்தேன். அது எனக்குத்தான் நஷ்டம் என்று என் மனைவி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்படியே போயிருக்கும். பெல்ட் பிரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருக்காவிட்டால்.

அன்று டிரைவர் லேத்தில் இருந்தார். டீச்சரம்மா துளை போட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல இன்ஜின் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று தப்பாகப் பேசியது. இழைக்கும் மிஷினின் பெல்ட். ‘டிக், டிக்’ என்று வர வேண்டியது ‘டிக்சப், டிக்சப்’ என்று வந்தது. தையல் வார் அறுந்து, பிரிந்த முனை புல்லியை அறைகிற சத்தம். கண்ணைத் திறந்தேன். அதற்கு நேர் கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சகலை குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஓடுகிற பெல்ட் அறுந்தால் அது பெல்ட் இல்லை, சாட்டை. கழுத்தில் பட்டால் அத்தோடு கதை முடிந்தது.

“சகலை! பெல்ட் பிரியுது! வெளிய வாங்க!”

அவர் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார்.

“சகலை!”

திரும்பவே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். உயிர் போகிற நேரத்திலும் இந்த மனுஷன் என் வாயிலிருந்து வருகிற புத்திமதியைக் கேட்க மாட்டாரா? சத்தம் ‘சப்சப்’ என்று இறுகியது. டிரைவரும் டீச்சரம்மாவும் திரும்பி ஓடிவர நேரமில்லை. எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது வால்வு ஒன்றுதான். பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கையைச் சுட்டது. விடவில்லை. இத்தனை காலம் திறக்க ஆசைப்பட்ட சக்கரத்தை நான் முதன்முதலாகத் தொட்டது மூடுவதற்காக.

இன்ஜின் மூச்சு விட்டு அடங்கியது. தண்டு வேகம் குறைந்து, நிற்கப் போகிற நேரத்தில் தையலின் கடைசி இழையும் அறுந்தது. பெல்ட் சரசரவென்று இறங்கி, துண்டு போட்ட மாதிரி சகலையின் தோளில் விழுந்தது.

அப்போதுதான் அவர் திரும்பினார். பெல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்த்தார்.

“யாரைக் கேட்டு வால்வுல கை வச்சீங்க?” என்று கொட்டகை அதிரக் கத்தினார்.

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கத்தினேன். “கழுத்து போயிருக்கும்யா! தொண்டை கிழியக் கூப்பிடறேன், காது என்ன டமாரச் செவிடா?”

டிரைவர் தன் செருப்பைப் பார்த்தார். டீச்சரம்மா சுவரில் தொங்கிய ஸ்பானர்களைப் பார்த்தார். வாசலில் டீ டம்ளர்களோடு கொழுந்தியாள் நின்றாள், அவளுக்குப் பின்னால் என் மனைவி. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பச்சை விறகும் பற்றியிருக்கும்.

சகலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளிலிருந்த பெல்ட்டை எடுத்தார். அறுந்த முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். தலையைத் தூக்கி, தான் நின்ற இடத்துக்கு மேலே இருந்த புல்லியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஆமா சகலை. டமாரச் செவிடுதான். ஊருக்கே தெரியும், உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

சமையலறையில் கொழுந்தியாள் என் உள்ளங்கையில் மருந்து தடவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனியில் இருக்கும்போதே இடது காது போய்விட்டது. வேலையை விட்ட பிறகு வலது காதும் போய்விட்டது. காதுக்கு மிஷின் வைத்துப் பார்த்தார்கள், பட்டறைக்குள் போனால் அது ஒரே இரைச்சலாக அடித்தது, கழற்றிவிட்டார். எதிரே நிற்கிறவர்களின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். முதுகுப் பக்கம் உலகமே கிடையாது.

“இன்ஜின் எப்படி ஓடுதுன்னு அவருக்குத் தெரியறது கை வழியாத்தான் மாமா. ஒரு கை தூண்ல, ஒரு கை வால்வுல. வேற யாராவது திறந்தா அவருக்கு இருட்டுல நிக்கிற மாதிரி ஆயிடும்னு பயம்.”

“எல்லாருக்கும் சொல்லியிருக்காரு. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?”

அவள் மருந்து டப்பாவை மூடினாள். “வேணாம்னு சொல்லிட்டாரு. ‘வர்றவங்க எல்லாம் பாவம்னு பாக்கறாங்க. சகலை ஒருத்தர்தான் என்னைப் பாத்து வயிறு எரியறாரு. அது எனக்கு எவ்வளவு தெம்பா இருக்கு தெரியுமா? விஷயம் தெரிஞ்சா அவரும் பாவம்னு பாக்க ஆரம்பிச்சிடுவாரு’ன்னாரு.”

என் மனைவி பக்கம் திரும்பினேன். “உனக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“கண்ணெதிரே இருக்கிற மனுஷனுக்குக் காது கேக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியாம போச்சு?”

“நீங்க பேசறப்ப அடுத்தவங்க பதில் சொல்ல எடம் விட்டாத்தானே தெரியும்?” என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தால் அவர் நினைப்புத்தான். கூரை முழுக்க பெல்ட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு அதில் ஒரு ‘டிக்’கூடக் கேட்காமல் நிற்கிற மனுஷன். நான் நினைத்த திமிர் எல்லாம் திமிரே இல்லை. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. பொறாமை இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. அவருடைய பட்டறையை நினைத்தேன், வயிறு எரியவில்லை. லேத்தை நினைத்தேன், எரியவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்த ஒன்று வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அவர் எதற்குப் பயந்தாரோ அதையேதான் நான் செய்துகொண்டிருந்தேன். அவரைப் பாவம் என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறைக்குப் போனதும் அவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். உதட்டையே படிக்கிறவருக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனேன். வாசலிலேயே அவர் எதிரே வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன சகலை, துக்கம் விசாரிக்க வந்த மாதிரி மூஞ்சியை வச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்லையே, நல்லாத்தான் இருக்கேன்,” என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

“அப்படி வாயை இழுக்காதீங்க. எப்பவும் போலப் பேசுங்க, புரியும்.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வால்வைக் காட்டினார். “நீங்க திறங்க.”

“நானா?”

“உங்க காதை நம்பித்தான் என் கழுத்து இன்னும் தோள் மேல இருக்கு. திறங்க. எனக்குத் தூண் போதும்.”

டிரைவர் லேத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தார். கொழுந்தியாள் ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். நான் சக்கரத்தைப் பிடித்தேன். போன வாரத்துக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. முதலில் சிலிண்டரில் நின்ற தண்ணீரை வெளியே விட்டேன், சீறிக்கொண்டு போனது. பிறகு சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். இன்ஜின் பெருமூச்சு விட்டது. பெரிய சக்கரம் யோசித்தது, அசைந்தது, சுற்றியது. லேத் பெல்ட் நிதானமாக ஆரம்பித்தது, துளை மிஷின் பெல்ட் அவசரமாகச் சேர்ந்துகொண்டது, புதிதாகத் தைத்த இழைப்பு மிஷின் பெல்ட் சுத்தமாக ‘டிக்’ என்றது. என் கையால் கிளம்பிய சத்தம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் பாதி, பாதி அவருக்காக. இதெல்லாம் அவருக்குக் கேட்காதே என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

சகலை தூணில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். ஆள்காட்டி விரல் தூணை மெல்லத் தட்டியது. லேத் பெல்ட்டின் தையல் ஏறும்போதெல்லாம், அதே நொடியில். நடுவிரல் துளை மிஷினுக்குத் தட்டியது. மோதிர விரல் இழைப்பு மிஷினுக்கு. ஒன்றுகூடப் பிசகவில்லை. பிரிகிற தையல் அவருக்குத் தெரியாமல் போனது அன்று கையில் எண்ணெய்க் குப்பி இருந்ததால்தான். கை தூணில் இருந்திருந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அது போகட்டும். சுண்டு விரலும் தட்டியது.

மெதுவாக, வெகு நேரத்துக்கு ஒரு தடவை, நான்காவதாக ஒரு தாளம். கொட்டகையில் இருப்பது மூன்றே பெல்ட். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. சுண்டு விரல் மறுபடி தட்டியது. தட்டும்போதெல்லாம் அவர் முகத்தில், நான் இத்தனை வருஷத்தில் பார்த்திராத ஒரு சிரிப்பு வந்து போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துத் தூணுக்குப் போய் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மரம். அவர் நின்ற தூணுக்கே போய் அவர் கைக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். மரம்தான். புண்பட்ட கைக்கு எரிச்சல்தான் மிச்சம்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“அந்தச் சுண்டு விரல் எதுக்குத் தட்டுது?” என்று கேட்டேன்.

“ஏன், உங்களுக்குக் கேக்கலையா?” என்றார் சகலை.

அடிவயிற்றில் குப்பென்று பற்றிக்கொண்டது. அவர் அதை என் முகத்தில் பார்த்துவிட்டார். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.